அம்மாவின் குதிகாலும் இரண்டு ரிப்போர்ட்டும்

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் தங்கச்சிமடம். டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னாலஜி டிப்ளமோ) இரண்டாம் வருடம் படிக்கிறேன். அம்மாவுக்கு 56 வயது. சின்ன வயதிலிருந்தே பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். இடது குதிகாலில் மூன்று வருடமாகக் கறுப்பாக ஒரு படை. பாறை கிழித்த தழும்பு, கால் ஆணி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆணி மருந்தும் போட்டுப் பார்த்தோம். இப்போது ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதாகிவிட்டது. முதலில் ஓரத்திலிருந்து மிளகளவு சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ‘மெலனோசைட் செல்கள் பெருகியிருக்கின்றன, சந்தேகத்துக்குரியது, முழுவதையும் எடுத்து அனுப்பவும்’ என்று வந்தது. ஐந்து வாரம் கழித்து முழுவதையும் எடுத்தார்கள். இப்போது ‘அக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா, பிரெஸ்லோ தடிமன் 1.4 மி.மீ., புண் இல்லை, மைட்டோசிஸ் (செல் பிரிதல்) சதுர மி.மீ.க்கு 2, ஒரு ஓரத்தில் மேல்தோல் அளவில் நோய் தொடுகிறது’ என்கிறார்கள். கத்தி வைத்ததால்தான் ஐந்து வாரத்தில் கேன்சர் ஆகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். இனி யாரும் காலைத் தொடக் கூடாது என்கிறார் அம்மா. எந்த ரிப்போர்ட்டை நம்புவது? மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்த்து மெலனோமா என்றும் இன்ன வகை என்றும் சொல்கிறீர்கள்? எனக்குப் புரியும், மறைக்காமல் எழுதுங்கள்.
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்:

இரண்டையும் நம்புங்கள். இரண்டும் ஒரே நோயைத்தான், அதாவது தோலுக்கு நிறம் தருகிற செல்லில் வரும் புற்றுநோயான மெலனோமாவைத்தான் சொல்கின்றன. ஒன்று மிளகளவு சதையைப் பார்த்துவிட்டுச் சொன்னது, இன்னொன்று முழுவதையும் பார்த்துவிட்டுச் சொன்னது. முதல் ரிப்போர்ட் எழுதியவர் தன்னிடம் வந்த துண்டுக்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. ‘முழுவதையும் அனுப்புங்கள்’ என்று கேட்டு வாங்கியிருக்கிறார். ‘மச்சம்தான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அம்மா இந்நேரம் பாசிக் கூட்டத்தோடு கடலுக்குப் போயிருப்பார், நோயும் கூடவே போயிருக்கும்.

ஐந்து வாரத்தில் இது கேன்சராக மாறவில்லை. மூன்று வருடமாக அந்தக் குதிகாலில் மெதுவாகப் படர்ந்துகொண்டிருந்ததன் பெயர்தான் இப்போது தெரிந்திருக்கிறது. பயாப்ஸி எடுப்பதால் மெலனோமா பரவுவதில்லை. இதை உங்கள் சொந்தக்காரர்களிடம் என் பெயரில் சொல்லுங்கள். சதை எடுத்துப் பார்க்காமல் ஆணி மருந்து போட்டுக் கழித்த மாதங்கள்தான் உண்மையான இழப்பு. அதற்காக உங்களைக் குறை சொல்லவும் மாட்டேன். நாளெல்லாம் பாறையிலும் சங்கு சிப்பியிலும் மிதிக்கிற கால் அது. அதில் ஒரு கறுப்பைக் கண்டால் இந்தக் கரையில் யாருமே முதலில் தழும்பு என்றுதான் நினைப்பார்கள்.

இனி மைக்ராஸ்கோப்புக்கு வருவோம். படிக்கிற பிள்ளை கேட்கிறீர்கள், விரிவாகவே சொல்கிறேன்.

மேல்தோலின் அடி வரிசையில், ஏறக்குறைய பத்து செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் மெலனோசைட் உட்கார்ந்திருக்கும். தோலுக்கு நிறம் தருகிற செல் அது. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அது செய்கிற நிறமித் துகள்களின் அளவிலும் அடர்த்தியிலும்தான் வித்தியாசம். நல்ல தோலில் இந்தச் செல்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு இருக்கும்.

மெலனோமாவைத் தேடும்போது, பெத்தாலஜிஸ்ட்டான நான் நேரே ஹை பவருக்குப் போவதில்லை. மிகக் குறைந்த பவரில் வைத்து அதன் வடிவத்தைத்தான் முதலில் பார்ப்பேன். மச்சம் என்றால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கும். ஓரம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். செல்கள் சின்னச் சின்னக் கூடுகளாக, ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருக்கும். உள்தோலுக்குள் இறங்க இறங்க செல்கள் சிறுத்து அடங்கிப்போகும். இந்த அடக்கத்தைத்தான் முதிர்ச்சி என்கிறோம். மெலனோமாவில் இந்த ஒழுங்கு குலைந்திருக்கும். ஒரு பக்கம் கனத்து மறுபக்கம் மெலிந்திருக்கும். ஓரம் எங்கே முடிந்தது என்று தெரியாமல் ஒற்றைச் செல்களாகத் தேய்ந்துகொண்டே போகும். கூடுகள் பெரிதும் சிறிதுமாக ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கூடுகளைவிட ஒற்றைச் செல்களே அதிகம் இருக்கும். அடியில் இருக்க வேண்டிய செல் மேல்தோலின் மேலடுக்குகளுக்கு ஏறியிருக்கும். ஆழத்தில் இருக்கிற செல்லும் மேலே இருக்கிற செல் அளவுக்கே பெரிதாக இருக்கும், அந்த ஆழத்திலும் செல் பிரிந்துகொண்டிருக்கும். இவ்வளவையும் பார்த்த பிறகுதான் 40எக்ஸுக்குத் திருப்பி உட்கருவைப் பார்ப்பேன். பெரிய, கோணலான உட்கரு, நடுவில் சிவந்து தெரியும் உட்கருமணி, சாம்பல் தூவியதுபோன்ற நிறமி.

இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்து மெலனோமா என்று எழுதக் கூடாது. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் சாய வேண்டும். மிளகளவு துண்டில் இரண்டு ஓரமும் இருக்காது, ஒத்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு பக்கமும் இருக்காது, ஆழமும் முழுதாக இருக்காது. வடிவத்தைப் பார்க்கவே வழியில்லாதபோது செல்லை மட்டும் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும். அதிலும் உள்ளங்கால் மெலனோமாவின் ஓரப்பகுதி மிகவும் ஏமாற்றும். அங்கே அடி வரிசையில் மெலனோசைட் கொஞ்சம் நெருக்கமாக நிற்கும், அவ்வளவுதான். செல்லும் பெரிதாக மாறியிருக்காது. அம்மாவுக்கு எடுத்தது அந்த ஓரத்திலிருந்துதான்.

உள்ளங்காலுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்டது, கவனித்துக்கொள்ளுங்கள். கை ரேகை போல காலிலும் வரி வரியாக மேடும் பள்ளமும் இருக்கின்றன, அலை போன பிறகு மணலில் தெரிகிற வரிகளைப் போல. சாதாரண மச்சத்தில் நிறமி பெரும்பாலும் பள்ளத்தை ஒட்டி ஓடும். மெலனோமாவில், குறிப்பாக ஆரம்பத்தில், மேட்டை ஒட்டி ஓடும். வியர்வைக் குழாய் திறப்பது மேட்டில்தான். தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற கைக்கருவியை வைத்துப் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான். அதே மேடு பள்ளம் ஸ்லைடிலும் தெரிய வேண்டுமென்றால், சதையை வரிகளுக்குக் குறுக்கே வெட்டி மெழுகு பிளாக்கில் வைக்க வேண்டும். வரியோடு சேர்த்து நெடுக்காக வெட்டிவிட்டால் மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. நல்ல மச்சத்தில்கூட செல்கள் தாறுமாறாக மேலே ஏறியதுபோல் தோன்றும். உள்ளங்கால் மச்சத்தில் சில செல்கள் மேலே ஏறியிருப்பது சாதாரணம், மற்ற இடத்துத் தோலின் கணக்கை இங்கே போட முடியாது. நாளை நீங்கள் லேபில் நிற்கும்போது, காலிலிருந்தோ கையிலிருந்தோ கறுத்த துண்டு வந்தால் வெட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் திருப்பி வரிகளைப் பாருங்கள். அந்த அரை நிமிடம் ஒரு நோயறிதலையே மாற்றும்.

அம்மாவின் இரண்டாவது ரிப்போர்ட்டில் விவரித்திருப்பது அக்ரல் லென்டிஜினஸ் வகைக்கு, அதாவது உள்ளங்கை, உள்ளங்கால், நக அடியில் வருகிற வகைக்குப் பொருந்துகிறது. மேல்தோல் தடித்து நீண்டிருக்கும். அதன் அடி வரிசை நெடுக, பெரிய மெலனோசைட்டுகள் இடைவெளியே இல்லாமல் ஒன்றை ஒட்டி ஒன்று நிற்கும். வேர் விட்டதுபோல் தடித்த கிளைகள் செல்களுக்கு நடுவே ஓடும். சில செல்கள் வியர்வைக் குழாய் வழியாக ஆழத்துக்கு இறங்கியிருக்கும். குழாயின் சுவருக்குள்ளேயே இருக்கிற வரைக்கும் அது உள்தோலில் புகுந்ததாகாது, அந்த ஆழத்தைத் தடிமனில் சேர்க்கவும் கூடாது. நடுவில் எங்கோ செல்கள் மேல்தோலின் அடிச் சவ்வை உடைத்து உள்தோலுக்குள் கூட்டமாக இறங்கியிருக்கும். அதைத்தான் அளந்து 1.4 என்று எழுதியிருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டின் அடியில் எஸ்-100, சாக்ஸ்-10, மெலன்-ஏ, எச்.எம்.பி-45 என்று சாயங்களின் பெயர்கள் இருக்கலாம். இவற்றைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை மருத்துவர்களிடம்கூட உண்டு. எஸ்-100ம் சாக்ஸ்-10ம் ‘இது மெலனோசைட் வகைச் செல்’ என்று மட்டுமே சொல்லும். நல்லதா கெட்டதா என்று சொல்லாது, மச்சமும் அதே நிறத்தைத்தான் ஏற்கும். எச்.எம்.பி-45 கொஞ்சம் உதவும். மச்சத்தில் ஆழத்துக்குப் போகப் போக அது மங்கிவிடும், மெலனோமாவில் பெரும்பாலும் மங்காது. பிரேம் என்ற புதிய சாயமும் உதவுகிறது, ஆனால் அதை ஏற்காத மெலனோமாவும் உண்டு. நம்மவர் தோலில் நிறமி நிறைய இருப்பதால் வழக்கமான பழுப்புச் சாயம் எது, மெலனின் எது என்று குழம்பும். அதற்குச் சிவப்புச் சாயம் போடுவோம், அல்லது மெலனினை வெளுக்கவைத்துவிட்டுப் பார்ப்போம். எந்தச் சாயமும் ஹெச் அண்ட் இ என்ற வழக்கமான அடிப்படைச் சாயம் போட்ட ஸ்லைடில் பார்த்த வடிவத்தைத் தள்ளிவிட்டுத் தீர்ப்புச் சொல்லாது.

இந்தக் கடற்கரையில் காலில் கறுப்பாக வருவதெல்லாம் மெலனோமா அல்ல. திருக்கை முள் முறிந்து உள்ளே தங்கினால் அதைச் சுற்றிக் கட்டி கட்டும். குதிகாலில் இரத்தம் கசிந்து கெட்டித் தோலுக்குள் உறைந்தால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். மேலே சீவிப் பார்த்தாலே அது உறைந்த இரத்தம் என்று தெரிந்துவிடும். பூஞ்சையால் வருகிற ஆனைக்கால் போன்ற வீக்கமும் உண்டு, அதிலிருந்து கறுப்புக் குருணை குருணையாக வெளியே வரும். அந்த நோயை 1842ல் மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர்தான் விவரித்தார், இன்றும் உலகமெங்கும் அதற்கு மதுரைப் பாதம் என்றே பெயர். நம் பக்கத்துக் காலைக் கண்டே பெயர் வைத்த நோய் அது. மறுபக்கம், நிறமே இல்லாமல் சிவப்புக் கட்டியாக, ஆறாத புண்ணாக வருகிற மெலனோமாவும் உண்டு. அதனால்தான் அனுப்புகிற படிவத்தில் எத்தனை நாளாக, எங்கே, எப்படி வளர்ந்தது, என்ன மருந்து போட்டது என்றெல்லாம் எழுத வேண்டும் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ‘தோல், பாதம்’ என்ற இரண்டு வார்த்தையோடு ஒரு சின்னத் துண்டு என் மேஜைக்கு வந்தது. மச்சம் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருடம் அதே நோயாளியின் இடுப்பு மடிப்பிலிருந்து நெறி (நிணநீர்க் கணு) ஒன்றை எடுத்து அனுப்பியிருந்தார்கள், முழுக்க மெலனோமா. பழைய ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். அந்தத் துண்டை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் ‘இது போதாது’ என்று ஒரு வரி நான் எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரியைத்தான் உங்கள் அம்மாவின் முதல் ரிப்போர்ட்டில் பார்க்கிறேன். அதைக் குறை என்று யாராவது சொன்னால் எனக்கு மனது பொறுக்காது.

வகை பிரிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். 1969ல் வாலஸ் கிளார்க் என்ற அமெரிக்க மருத்துவர் மெலனோமாவை வளர்கிற விதத்தை வைத்துப் பிரித்தார். மேற்பரப்பில் படர்வது, ஆரம்பத்திலேயே முடிச்சாக இறங்குவது, வயதானவர் முகத்தில் வெயில்பட்ட தோலில் வருவது என்று மூன்று. இவற்றில் எதிலும் அடங்காத உள்ளங்கை, உள்ளங்கால், நக அடி மெலனோமாவை 1976ல் ரிச்சர்ட் ரீட் தனி வகையாக விவரித்தார். உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட பிரிவில், வெயிலோடு சம்பந்தம் உண்டா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. அக்ரல் வகை ‘சம்பந்தம் இல்லை’ என்ற பக்கத்தில் இருக்கிறது. வெயிலால் வரும் மெலனோமா நம்மிடம் மிகக் குறைவு, அதனால் நமக்கு வருகிற மெலனோமாவில் காலில் வருவதுதான் முன்னால் நிற்கிறது. ‘நாளெல்லாம் வெயிலில் கடலில் நின்றதால்தான் எனக்கு வந்தது’ என்று அம்மா தன்னையே நொந்துகொண்டிருந்தால், இல்லை என்று சொல்லுங்கள். பாசி எடுத்துப் பிள்ளையைப் படிக்கவைத்தது இதற்குக் காரணம் அல்ல.

ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதை வகையின் பெயர் முடிவு செய்வதில்லை, தடிமன்தான் முடிவு செய்கிறது. 1970ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ சொன்ன அளவு இது. மேல்தோலில், கெட்டித் தோலுக்குக் கீழே உள்ள துகள் அடுக்கின் மேல்முனையில் தொடங்கி, கட்டியின் ஆழமான செல் வரை நேர்கீழாக, கண்லென்ஸுக்குள் இருக்கும் அளவுகோலால் அளக்கிறோம். குதிகாலில் காய்ப்புக் காய்த்த கெட்டித் தோல் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே இருக்கும், அது இந்தக் கணக்கில் சேராது. அம்மாவின் 1.4 மி.மீ. என்பது நோட்டுத் தாள் பதினான்கை அடுக்கிய கனம். 1க்கு மேல் 2 வரை இரண்டாம் படி, 2க்கு மேல் 4 வரை மூன்றாம் படி, 4ஐத் தாண்டினால் நான்காம் படி. புண் இருந்தால் பி, இல்லாவிட்டால் ஏ. ஆக அம்மாவுடையது டி2ஏ (டி என்பது கட்டியைக் குறிக்கும்). நெறியில் நோய் இல்லையென்றால் இது ஒன்றாம் நிலையின் பிற்பகுதி, அதாவது 1பி. குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை செய்கிற நிலை இது. ‘புண் இல்லை’ என்ற இரண்டு வார்த்தை உங்கள் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியலாம், எனக்கு அதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. ஆணி மருந்து தோலை அரித்த இடத்தைக் கட்டியின் புண் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது, அந்த மருந்து போட்டதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கிளார்க் லெவல் என்று ரோமன் எண் ஏதாவது இருந்தால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், இப்போது நிலை பிரிப்பதில் அதைச் சேர்ப்பதில்லை.

‘ஒரு ஓரத்தில் தொடுகிறது’ என்ற வரியை மட்டும் தள்ளிப்போட முடியாது. மேல்தோலுக்குள் இருக்கிற செல்கள் அந்தப் பக்கம் குதிகாலில் இன்னும் மிச்சம் இருக்கின்றன என்று அர்த்தம். ஓரம் சுத்தமாக இருந்திருந்தால்கூட, இந்தத் தடிமனுக்குச் சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. நல்ல தோலோடு மறுபடி எடுக்கத்தான் வேண்டும். 1.4 மி.மீ.க்கு யாரும் காலை எடுப்பதில்லை. குதிகாலில் எடுத்த இடத்தை வேறு தோல் கொண்டு மூடுவார்கள். சில மாதம் ஊன்றி நடக்கச் சிரமம் இருக்கும்.

அதே அறுவையில் இன்னொன்றையும் செய்ய வேண்டும். காலிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேர்கிற நெறியை, பெரும்பாலும் இடுப்பு மடிப்பில் இருக்கும், கதிரியக்க மருந்தும் நீலச் சாயமும் வைத்துக் கண்டுபிடித்து எடுத்துப் பார்ப்பது. தடிமன் 1 மி.மீ.ஐத் தாண்டினால் இதைச் செய்யச் சொல்கிறோம். குதிகாலை அகலமாக எடுத்துத் தோல் வைத்து மூடிய பிறகு இதைச் செய்தால் நிணநீர் ஓடுகிற பாதை மாறியிருக்கும், எந்த நெறி முதல் நெறி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் அறுவை மருத்துவரிடம் போனதும் ‘இரண்டையும் ஒரே நாளில் செய்வீர்களா’ என்று கேளுங்கள். அந்த வசதி இல்லாத இடம் என்றால் பாதி வேலையைச் செய்துகொள்ளாமல் மதுரையிலோ சென்னையிலோ உள்ள புற்றுநோய் அறுவைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அந்த நெறியையும் எங்களைப் போன்ற ஒருவர்தான் பார்ப்பார். நெறியின் உறையில் மச்சத்துச் செல்கள் சிலருக்குத் தங்கியிருக்கும், அதைப் பரவிய மெலனோமா என்று எண்ணிவிடுகிற ஆபத்து உண்டு. எச்.எம்.பி-45ம், செல் உறையில் இருக்கிறதா நெறிக்குள் இருக்கிறதா என்பதும் அங்கே கைகொடுக்கும். நெறியில் நோய் இருந்தால் அப்போது பி-ராஃப், கிட் போன்ற மரபணு மாற்றங்களைப் பார்க்கக் கேட்பார்கள். அதற்கும் இதே மெழுகு பிளாக்தான் வேண்டும்.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது பிளாக் வாங்குவது. இரண்டு பயாப்ஸியின் பிளாக்குகளையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். முதல் பயாப்ஸியின் ஸ்லைடை விட்டுவிடாதீர்கள். சிகிச்சை நடக்கிற இடத்துப் பெத்தாலஜிஸ்ட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. மெலனோமாவில் இரண்டாவது கண் பார்ப்பது அவமதிப்பு அல்ல, நானே சந்தேகமான ஸ்லைடை இன்னொருவரிடம் கொடுக்காமல் கையெழுத்திடுவதில்லை. மெழுகு வெயிலில் இளகும், பஸ்ஸில் ஜன்னலோரம் வைக்காமல் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது பெரும்பாலும் பரம்பரையாக வருகிற வகை அல்ல, உங்களைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அம்மாவோடு பாசிக்குப் போகிறவர்கள் காலில் கட்டிய துணியையும் ரப்பரையும் அவிழ்க்கும்போது ஒருவர் காலை ஒருவர் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வளர்கிற கறுப்பு, நகத்தின் நெடுக ஓடி நகம் முளைக்கிற சதைக்கும் பரவிய கறுப்புக்கோடு, மாதக்கணக்கில் ஆறாத ‘ஆணி’, இவற்றில் எது தெரிந்தாலும் ஆணி மருந்து வாங்க வேண்டாம், தோல் மருத்துவரைப் பார்க்கட்டும்.

அம்மா காலைத் தொடக் கூடாது என்கிறாரே, அவரிடம் நீங்கள் மைக்ராஸ்கோப்பைப் பற்றிப் பேசினால் எடுபடாது. 1.4 என்பது பதினான்கு தாள் கனம்தான் என்று ஒரு நோட்டைப் பிரித்து எண்ணிக் காட்டுங்கள். காத்திருந்தால் அது கூடும் என்பதையும் அதே நோட்டில் காட்டலாம். அதன் பிறகும் மறுத்தால், இராமநாதபுரம் வரும்போது அவரை என்னிடம் அழைத்து வாருங்கள், ஸ்லைடையும் கொண்டுவாருங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற இரட்டைத் தலை மைக்ராஸ்கோப் இருக்கிறது. நான் ஒன்றில் பார்த்துக்கொண்டே அவருக்கு மற்றதில் காட்டுகிறேன்.